நாற்பது ஃபிராக் தைத்தேன், மூட்டையைக்கூடப் பிரிக்கவில்லை. இனி என்ன தைப்பது, எங்கே உட்கார்ந்து தைப்பது?

பாபின்கேஸ் (ஈரோடு) | ஜூலை 6, காலை 11.20

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 61 வயது. எழுத்தர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். தையலைத் தொழிலாகச் செய்ததில்லை. அம்மாவிடம் கற்றுக்கொண்டேன், வீட்டுக்கு வேண்டிய ரவிக்கை, பாவாடை, ஜன்னல் திரை எல்லாம் நானேதான்.

போன தீபாவளிக்கு முன்னால், எங்கள் பக்கத்துக் குழந்தைகள் இல்லம் ஒன்றுக்கு ஃபிராக் தைத்துக் கொடுக்க ஆசை வந்தது. கனி மார்க்கெட் சந்தையில் பூப்போட்ட காட்டன் எடுத்தேன். நாலு வயதிலிருந்து பத்து வயது வரை மூன்று அளவு, மொத்தம் 40. பின்னால் ஜிப், இடுப்பில் சுருக்கம், கழுத்துக்குப் பைப்பிங். இரண்டு மாதமும் ஒரு கழுத்து வலியும் ஆயிற்று. கொடுத்தபோது சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார்கள்.

பொங்கல் கழித்து வேறு வேலையாக அங்கே போனேன். என் மூட்டை பரணில் இருந்தது. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அங்கே பார்த்துக்கொள்ளும் அம்மா சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார்: "தீபாவளிக்கும் யாராவது பிறந்தநாளுக்கும் ஃபிராக் வந்துகிட்டேதான் இருக்கும்மா. இல்லாதது சிம்மிஸ், ஜட்டி, தலையணை உறை. அதை யாரும் கொண்டுவர மாட்டாங்க." பஸ்ஸில் திரும்பி வந்தவள், ஒரு வாரம் மிஷின் பக்கமே போகவில்லை.

இப்போது மனசு ஆறிவிட்டது. மகள் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள், அவள் அறை காலி. பத்துக்குப் பத்து, கிழக்கே ஒரு ஜன்னல். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் பூஜாடி தாங்கிக்கொண்டு நிற்கும் என் 30 வருஷ மிதி மிஷினை அங்கே கொண்டுபோகலாம் என்று யோசனை. இரண்டு கேள்வி. யாருக்காவது உண்மையிலேயே உதவுகிற மாதிரி என்ன தைக்கலாம்? அந்த அறையை எப்படி அமைப்பது? மகள் வந்தால் படுக்கக் கட்டில் இருந்தே ஆக வேண்டும்.

நூல்கண்டு (மதுரை) | ஜூலை 6, பிற்பகல் 2.05

அக்கா, அந்த மூட்டைக்காக வருத்தப்படாதீர்கள். தையல் சொல்லிக்கொடுத்து 22 வருடமாகிறது, என் மாணவிகளும் முதலில் ஃபிராக்தான் தைப்பார்கள். குட்டி ஃபிராக் பார்க்க அழகு, தைக்கிற நமக்கு ஆசை. அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

ஆனால் இல்லத்தில் துணி படும் பாட்டை ஒருமுறை நேரில் பாருங்கள். அறுபது பிள்ளைகளின் துணியும் ஒரே தொட்டியில் சோடாத் தூளில் ஊறும். சாயம் போகிற ஒரு துண்டு போதும், எல்லாம் ரோஸ் கலர். பின்னால் ஜிப் வைத்தால் ஆறு வயசுப் பிள்ளை தானாகப் போட முடியாது, காலையில் ஒரு அக்காவே எத்தனை ஜிப் இழுப்பார்? நாலாவது துவைப்பில் அந்த ஜிப்பும் பல்லைக் காட்டும்.

தலையணை உறையிலிருந்து தொடங்குங்கள். 17க்கு 27 அங்குலத் தலையணைக்கு 19 அங்குல அகலம், 63 அங்குல நீளம் ஒரே துண்டாக வெட்டுங்கள். இரண்டு குறுக்கு ஓரத்தையும் மடித்து அடித்துவிட்டு, ஒரு பக்கம் ஆறு அங்குலம் உள்ளே மடிகிற மாதிரி வைத்து இரண்டு பக்கவாட்டும் தைத்தால் முடிந்தது. பட்டன் வேண்டாம், நாடா வேண்டாம். துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் துவைப்பில் தலையணை உள்ளே நுழையாது. ஈரோட்டில் இருக்கிறீர்கள், சென்னிமலைப் பெட்ஷீட் கைக்கெட்டும் தூரம். லேசாகக் கறை பட்டதென்று ஒதுக்கி வைத்த பெட்ஷீட் கிடைத்தால் ஒன்றில் நாலு உறை வரும்.

சிம்மிஸுக்கு ஒரே ஒரு விஷயம். தோள்பட்டையைக் குறுகலாக்காதீர்கள், பிள்ளைகள் இழுக்கும் இழுப்பில் முதலில் பிய்வது அதுதான்.

தெருமுனை டெய்லர் (பெருந்துறை) | ஜூலை 6, இரவு 9.48

கொஞ்சம் கசப்பாக ஒன்று சொல்கிறேன், அம்மா தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எனக்கு ஒற்றை ஷட்டர் கடை. நானும் என் வீட்டுக்காரியும் தைக்கிறோம். இரண்டு வருடம் முன்பு ஒரு டிரஸ்ட்காரர் 150 பாவாடை சட்டைக்கு விலை கேட்டார். சொன்னேன். "நாலஞ்சு லேடீஸ் சேவையா தைச்சுத் தர்றேன்னு சொல்றாங்க" என்று போய்விட்டார். அந்த லேடீஸ் எல்லாம் பென்ஷன் வாங்குகிறவர்கள். எனக்கு அது ஆறு வார வேலை.

அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை வருடத்துக்கு நாலு செட் சீருடை கொடுக்கிறார்கள். அதைத் தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள், கூலிக்கு. அந்தக் கூலியில் வீடு நடத்துகிறவர்கள் உண்டு. இலவசமாகத் தைக்க ஆள் இருக்கிறது என்று நாளைக்கு அதையும் திருப்பிவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? துணி எடுக்கக் காசு இருக்கிற இடத்தில் தைக்கவும் காசு இருக்கும். உதவி செய்ய மனசு இருந்தால் பணமாகக் கொடுங்கள், தைக்கிறவனிடம் வேலையைக் கொடுங்கள்.

கோடைமழை (திருச்சி) | ஜூலை 6, இரவு 10.15

அண்ணா, ஒரு அம்மா ஓய்வு நேரத்தில் தலையணை உறை தைப்பதற்கு இவ்வளவு கோபமா?

தெருமுனை டெய்லர் (பெருந்துறை) | ஜூலை 6, இரவு 10.31

கோபம் இல்லைங்க. கணக்கு.

பாபின்கேஸ் (ஈரோடு) | ஜூலை 7, காலை 7.10

தம்பி சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ராத்திரி பூரா அதைத்தான் யோசித்தேன். அந்த 40 ஃபிராக்கும் பக்கத்தில் யாரோ ஒரு டெய்லருக்குப் போயிருக்க வேண்டிய வேலை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சரி, அப்படியென்றால் யாரும் காசு கொடுத்துத் தைக்கச் சொல்லாத பொருள், ஆனால் தேவைப்படுகிற பொருள் என்று ஏதாவது இருக்கிறதா? அதைத் தைத்தால் யார் பிழைப்பிலும் கை வைத்ததாகாதே.

வார்டு சிஸ்டர் | ஜூலை 7, மாலை 4.40

இருக்கிறது மேடம். நான் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்த மருத்துவமனை என்று எழுத முடியாது.

குறைமாதக் குழந்தைக்கு உடம்போடு பார்த்தால் தலை பெரியது, அந்த வழியாக நிறையச் சூடு போய்விடும். ஒன்றரைக் கிலோ குழந்தைக்குக் கடையில் தொப்பி கிடைக்காது. கடையில் சின்னது என்று கொடுப்பது நிறைமாதக் குழந்தை அளவு, போட்டால் மூக்கு வரை இறங்கும். அப்பாக்கள் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு கைக்குட்டையைக் கட்டி விடுவார்கள்.

கங்காரு முறை கேள்விப்பட்டிருப்பீர்கள். குழந்தையைச் சட்டையில்லாமல் அம்மாவின் நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டி வைப்பது. 1978-ல் கொலம்பியா நாட்டு பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது. 2022-ல் உலக சுகாதார அமைப்பு, எடை குறைந்த குழந்தைக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டது. அந்த நேரத்தில் குழந்தை மேல் இருப்பது மூன்றே பொருள்: தொப்பி, நாப்கின், சாக்ஸ். அதில் தொப்பி நீங்கள் தைக்கலாம்.

தலைச் சுற்றளவு 26, 30, 34 சென்டிமீட்டர் என்று மூன்று அளவு வைத்துக்கொண்டால் பெரும்பாலான குழந்தைக்குப் பொருந்தும். பனியன் துணி நல்லது. குஞ்சம் வேண்டாம், ரிப்பன் வேண்டாம், எலாஸ்டிக் வேண்டவே வேண்டாம். உள்பக்கம் தொங்கும் நூலை ஒட்ட வெட்டுங்கள். சாக்ஸிலோ கையுறையிலோ தொங்குகிற ஓர் இழை குழந்தையின் விரலைச் சுற்றி இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். வெளியே தெரியாது, குழந்தை அழுதுகொண்டே இருக்கும், காரணம் புரியாது. பார்த்திருக்கிறேன்.

ஜப்லா தைப்பதாக இருந்தால் முன்பக்கம் மேலிருந்து கீழ் வரை திறந்து, பக்கத்தில் கட்டுகிற மாதிரி. உடம்பில் ஒயர் ஒட்டியிருக்கும், தலைவழியாகப் போட முடியாது. துணிக்குக் கடைக்கே போகாதீர்கள். நம் பாட்டிகள் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போட விடமாட்டார்கள், பழைய வேட்டியைத்தான் கிழிப்பார்கள். துவைத்துத் துவைத்துக் கஞ்சியும் சாயமும் போன துணி அது. பழைய காட்டன் சேலை ஒன்றில், நைந்த இடத்தைத் தள்ளிவிட்டாலும், பத்துப் பன்னிரண்டு ஜப்லா வரும். சோப்பில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, மூடிய பையில் கொடுங்கள். வாசனை லிக்விட் எதுவும் ஊற்ற வேண்டாம்.

முக்கியமாக, தைத்துவிட்டு வராதீர்கள். முதலில் வந்து வார்டு பொறுப்புச் சிஸ்டரிடமோ டாக்டரிடமோ கேளுங்கள். சில இடத்தில் வெளித்துணி வாங்கவே மாட்டார்கள், அதற்கும் காரணம் இருக்கும்.

கட்டிங் மாஸ்டர் (திருப்பூர்) | ஜூலை 7, இரவு 11.05

தொப்பி என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பனியன் கம்பெனியில் ஒரு நாளைக்கு மூட்டை மூட்டையாகக் கட்டிங் வேஸ்ட் போகிறது. பெரும்பாலும் கை அகலத் துண்டுதான், ஆனால் லே (வெட்டுவதற்கு அடுக்கி விரித்த துணி) ஓரத்திலும் ரோல் கடைசியிலும் அடிக்கணக்கில் மிச்சம் விழும். எடைக்குத்தான் விற்கிறார்கள். கேட்டால் பிரித்து எடுத்துத் தருவார்கள். நூறு சதவீதக் காட்டன் சிங்கிள் ஜெர்சி என்று கேளுங்கள், ரப்பர் பிரிண்ட் விழுந்த துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

வெட்டும்போது துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் அதிகம் இழுபடுகிறதோ அது தலையைச் சுற்றி வர வேண்டும். மாற்றி வெட்டினால் தொப்பி டம்ளர் மாதிரி நிற்கும். ஓரம் சுருளும், அதற்காகப் பயப்பட வேண்டாம், பனியன் துணியில் இழை பிரியாது. இரண்டு அங்குலம் வெளியே மடித்துவிட்டால் சுருளே அழகாகிவிடும், குழந்தை வளர்ந்தால் இறக்கியும் விடலாம்.

ஊசியை மாற்றுங்கள். சாதா 16 ஊசியில் பனியன் தைத்தால் ஓட்டை விழும், துவைக்கத் துவைக்க ஓட்டை பெரிதாகும். பால்பாயின்ட் 11 என்று கேட்டு வாங்குங்கள்.

மிஷின் டாக்டர் (கோவை) | ஜூலை 8, காலை 6.30

அறையைப் பற்றி யாரும் பேசவில்லையே, நான் ஆரம்பிக்கிறேன். தையல் மிஷின் ரிப்பேர்தான் தொழில். ஒரு நாளைக்கு நாலு வீடு போகிறேன், எல்லா வீட்டிலும் அதே தப்புதான்.

முதல் தப்பு மிஷினை ஜன்னலுக்கு முதுகு காட்டி வைப்பது. உங்கள் நிழலே ஊசி மேல் விழும். கிழக்கு ஜன்னல் உங்கள் இடது கைப்பக்கம் வருகிற மாதிரி வையுங்கள். காலை ஆறரையிலிருந்து பத்து வரை லைட் போடாமல் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தைக்கலாம். ராத்திரிக்கு ஊசிக்கு நேரே ஒரு வெள்ளை எல்இடி, கழுத்து வளைகிற மாடல். ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம், பழைய சேலைத் துணி பறந்துகொண்டே இருக்கும், நீங்கள் ஃபேனை நிறுத்திவிட்டு வேர்ப்பீர்கள்.

இரண்டாவது, வெட்டுவதற்குத் தரையில் உட்காராதீர்கள். அந்தக் கழுத்து வலி தையலில் வந்ததல்ல, குனிந்து வெட்டியதில் வந்தது. சாப்பாட்டு மேசை 30 அங்குல உயரம், வெட்டுகிற மேசை 36 இருக்க வேண்டும். கட்டில் போக மீதி இடம் கம்மி என்பதால் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் 36 அங்குல உயரத்தில் கீல் போட்டு ஒரு பிளைவுட் பலகை அடியுங்கள், ஐந்தடிக்கு இரண்டரை. வேலை முடிந்தால் மடக்கிக் கொக்கி போட்டுவிடலாம். மகள் வந்தால் அது இருப்பதே தெரியாது. கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்த இரண்டு டிரே, ஒன்று துவைத்த துணிக்கு, ஒன்று துவைக்காததற்கு. கலக்கவே கூடாது. ஸ்டீல் பீரோவின் கதவைக் குறைத்து மதிப்பிடாதீர்கள், காந்தம் ஒட்டி அளவு அட்டையெல்லாம் அங்கேயே தொங்கவிடலாம். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள், தரையில் விழுந்த குண்டூசியைப் பொறுக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது. பேரப்பிள்ளை தவழ்கிற வீட்டுக்கு இது கட்டாயம்.

இஸ்திரிப்பெட்டிக்குத் தனி பிளக். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்! மாசத்துக்கு எத்தனை மிஷின் பிசின் பிடித்து இறுகி வருகிறது தெரியுமா? குளிரில் உறைகிற எண்ணெயை இரும்புக்குள் விட்டால் என்ன ஆகும். வெள்ளை மிஷின் ஆயில் என்றே விற்கிறது. 30 வருஷ மிஷின் என்கிறீர்கள், பழைய மிஷின்தான் நல்லது, விற்றுவிடாதீர்கள். தோல் பெல்ட் தளர்ந்திருந்தால் கொஞ்சம் வெட்டிக் கொக்கியை மாட்டுங்கள், அதுவே பாதி வியாதிக்கு மருந்து.

பாபின்கேஸ் (ஈரோடு) | ஜூலை 8, காலை 9.00

தேங்காய் எண்ணெய்தான் விட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவும் அதைத்தான் விடுவார்.

மிஷின் டாக்டர் (கோவை) | ஜூலை 8, காலை 9.04

தெரியும்மா. எல்லோருடைய அம்மாவும் அதைத்தான் விட்டார்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, அது நன்றாக ஆவியாகிப் போன பிறகு புது ஆயில் விடுங்கள்.

கடற்கரை (நாகை) | ஜூலை 8, இரவு 8.50

இந்த உரையாடலைப் படித்ததும் பழைய நினைப்பு வந்துவிட்டது, தலைப்பை விட்டு விலகினால் மன்னியுங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்குத் துணி லாரி லாரியாக வந்தது. நல்ல மனசோடுதான் அனுப்பினார்கள். ஆனால் அதில் என்ன இருந்தது? கிழிந்த பேன்ட், ஸ்வெட்டர், ஒற்றை சாக்ஸ். உள்ளாடைக்குத் தவித்த பெண்களுக்கு ஜிகினா வைத்த பார்ட்டி டிரஸ். வீடும் வலையும் போனவர்கள், ஆனால் அதற்கு முந்தின வாரம் வரை சொந்தக் காசில் உடுத்தியவர்கள். யாரோ கழித்துப் போட்டதைக் குனிந்து பொறுக்க மனசு வரவில்லை. துணி ரோட்டோரம் குவியலாகக் கிடந்து மழையில் நனைந்தது. ஆடு மாடு அதன் மேல் படுத்திருந்ததைப் பார்த்தேன். டெல்லியிலிருந்து கூஞ்ச் அமைப்பு வந்து அதில் பெரும் பங்கை எடுத்துப்போய்ப் பிரித்து, உபயோகமாக மாற்றியது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதை நடத்தும் அன்ஷு குப்தாவுக்கு 2015-ல் மகசேசே விருது கிடைத்தது.

அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. ஆரோவில்லில் உபாசனா என்ற துணி வடிவமைப்பு நிறுவனம் பக்கத்து மீனவப் பெண்களுக்கு, தையல் கழிவுத் துண்டில் கட்டைவிரல் அளவு பொம்மை செய்யச் சொல்லிக்கொடுத்தது. பெயர் சுனாமிகா. பொம்மைக்கு விலை கிடையாது, பரிசாகத்தான் கொடுப்பார்கள், செய்தவருக்கு நன்கொடைப் பணத்திலிருந்து கூலி. பெருந்துறை அண்ணன் சொல்கிற கணக்கு அங்கே சரியாக இருந்தது. கடலைப் பார்க்கவே பயந்து உட்கார்ந்திருந்தவர்கள் கையில் ஊசி வந்தது. துணி வாங்கிக்கொண்டது மட்டும் இல்லை, தைத்ததும் அவர்கள்தான்.

குளிர்தேசம் (லண்டன்) | ஜூலை 9

நாகை அண்ணா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நாங்களும் இங்கே இருந்து பெட்டி பெட்டியாக அனுப்பியவர்கள்தான். இப்போது எங்கள் குழுவில் ஒரே சட்டம்: தைத்ததைக் கப்பலில் ஏற்றுவதில்லை. அந்தக் கப்பல் கூலிக்கு அங்கேயே துணியும் வாங்கித் தையல்காரிக்குச் சம்பளமும் கொடுக்கலாம்.

2020 வசந்த காலத்தில் இங்கே மருத்துவமனை ஆட்களுக்கு உடுப்பு போதவில்லை. ஊர் முழுக்கப் பெண்கள் ஸ்க்ரப்ஸ் தைத்தார்கள். எனக்கு அந்தளவு கைப்பழக்கம் இல்லை. ஆனால் ஒரு சின்ன வேலை கிடைத்தது. பழைய தலையணை உறையின் வாயில் ஒரு நாடா ஓட்டினால் சுருக்குப் பை. தாதிமார் வேலை முடிந்ததும் உடுப்பைக் கழற்றி அதற்குள் போட்டு, வீட்டுக்கு வந்து பையோடு மெசினில் போட்டுவிடுவார்கள், கை படாது. நாடா ஓட்டத் தெரிந்தால் போதும். எங்கள் தெருவில் 78 வயது ஆச்சி ஒருவர் ஒரு நாளைக்கு இருபது தைத்தார். அதை அவர்கள்தான் கேட்டார்கள், நாங்களாக நினைத்துத் தைக்கவில்லை.

யாழ் வேம்பு | ஜூலை 9, மாலை

அக்கா, நீங்கள் ஃபிராக் என்று எழுதினதை நாங்கள் சட்டை என்றுதான் சொல்லுவம், முதல் வாசிக்கேக்க "நாற்பது ஃபிராக்" என்ன சாமான் எண்டு யோசிச்சன்.

என்னுடைய அப்பா கடைசி ஒன்றரை வருசம் படுக்கையில்தான். சிறுநீர்ப் பை கட்டிலில் தொங்கும். ஆள் பார்க்க வந்தால் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். ஒரு நாள் அம்மா தன்னுடைய பழைய கைத்தறிச் சேலையில் அந்தப் பைக்கு ஓர் உறை தைத்தா. அதுக்குப் பிறகு அப்பா சக்கரக் கதிரையில் வாசலுக்கு வர ஒத்துக்கொண்டார். கோயில் மணி கேட்கிற நேரம் வாசலில் இருப்பது அவருக்கு விருப்பம்.

இதைத் தையுங்கோ. கடையில் இல்லை, ஒருத்தரும் கேட்கவும் வெட்கப்படுவினம். பத்துக்குப் பதினாலு அங்குலம், மேலே இரண்டு நாடா, கட்டில் சட்டத்திலோ கதிரையிலோ கட்ட. அடிப்பக்கத்தைத் தைத்து மூடாதேங்கோ, பையை வெறுமையாக்கிற குழாய் கீழேதான் இருக்கு. முன்பக்கம் ஒரு மடிப்பு வைத்தால் தூக்கி அளவு பார்க்கலாம். நாடா நீளமாக இருக்க வேணும், பை எப்பவும் இடுப்புக்குக் கீழே தொங்கினால்தான் சிறுநீர் திரும்பி ஏறாது. ஆனால் நிலத்தில் முட்டவும் கூடாது.

வார்டு சிஸ்டர் | ஜூலை 9, இரவு 10.20

யாழ் அக்கா சொன்ன அளவு சரி. பெரியவர்களுக்கு இன்னும் இருக்கிறது. மார்பக அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகும் அம்மாக்களுக்குச் சில நாள் உடம்பில் நீர் வடிக்கும் டிரெயின் குழாயும் அதன் முனையில் ஒரு புட்டியும் இருக்கும். கையில் பிடித்துக்கொண்டே நடப்பார்கள். தோளில் மாட்டுகிற சின்னப் பை ஒன்று தைத்துக் கொடுத்தால் இரண்டு கையும் சும்மாயிருக்கும், மேலே துப்பட்டா போட்டால் தெரியாது. டயாலிசிஸ் எடுப்பவர்களுக்கு ஃபிஸ்டுலா (ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) வைத்த கையில் சட்டை இறுக்கக் கூடாது. அந்தக் கையின் மேல்தையலைப் பிரித்து, நீள ஜிப்போ வெல்க்ரோவோ வைத்தால் குளிரூட்டிய அறையில் சட்டையோடேயே நாலு மணி நேரம் படுக்கலாம்.

தெருமுனை டெய்லர் (பெருந்துறை) | ஜூலை 9, இரவு 11.02

சிறுநீர்ப் பை உறை. 26 வருஷத் தொழிலில் இப்படி ஒன்றை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இதற்கு நான் விலை சொன்னாலும் யாரும் கொடுக்கப் போவதில்லை. சரி, இதைத் தையுங்கள். சீருடை விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

ஆனால் ஓரம் ஓவர்லாக் போடாவிட்டால் பத்துத் துவைப்பில் பிசிறு வரும். மிதி மிஷினில் ஓவர்லாக் வராது.

பாபின்கேஸ் (ஈரோடு) | ஆகஸ்ட் 28, காலை 10.45

ஏழு வாரம் கழித்து வருகிறேன், அதற்குள் இந்த உரையாடல் கீழே போய்விட்டது.

அறை தயாராகிவிட்டது. கீல் போட்ட பலகை அடித்தாயிற்று. ஆசாரி 36 அங்குலம் என்றதற்குச் "சமையல் மேடையா?" என்று மூன்று முறை கேட்டார். மிஷின் இடம் மாறியது, ஜன்னல் இடப்பக்கம். பூஜாடியை மட்டும் வீட்டுக்காரர் டிவி பக்கத்தில் வெறும் தரையில் வைத்திருக்கிறார், ஏன் என்று கேட்டால் "அதோட இடம் அதுதான்" என்கிறார். மகளின் புத்தகம் இன்னும் அந்த அறையை விட்டுப் போகவில்லை.

பக்கத்து மருத்துவமனை ஒன்றில் வார்டுக்குப் போய்க் கேட்டேன். முதல் இடத்தில் வெளித்துணி வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். முகம் வாடித்தான் வந்தேன். இரண்டாவது இடத்தில் 30 தொப்பி மாதிரிக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். திருப்பூர் தம்பி சொன்ன மாதிரி எடைக்குத் துணி வாங்கினேன். முதல் பன்னிரண்டு தொப்பியும் டம்ளர்தான், துணியை மாற்றி வெட்டிவிட்டேன். அதையெல்லாம் பிரித்துத் தலையணைக்குள் திணித்தாயிற்று. மீதியைக் கொண்டுபோனபோது சிஸ்டர் ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பி விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். இரண்டில் நூல் இருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டார். மாமியார்கூட என் தையலை அப்படிப் பார்த்ததில்லை. மாதம் 50 கேட்டிருக்கிறார், அதில் 30 சின்ன அளவு.

இல்லத்துக்கும் போனேன். தலையணை உறை 24, சிம்மிஸ் 18. அந்த ஃபிராக்கை என்ன செய்வதென்று அங்கே பார்த்துக்கொள்ளும் அம்மாவே ஒரு வழி சொன்னார்: பாவாடைப் பகுதியை வெட்டினால் ஒன்றில் இரண்டு ஜட்டி வருமாம். நானே உட்கார்ந்து என் பைப்பிங்கைப் பிரித்தேன். வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் உறை மாட்டுவதை போன் எடுத்துப் படம் பிடிக்கப் போனேன், வேண்டாமென்று தடுத்துவிட்டார். இல்லத்துப் பிள்ளைகளின் முகத்தை வெளியே காட்டக் கூடாதென்று சட்டமே இருக்கிறதாம்.

நூல்கண்டு (மதுரை) | ஆகஸ்ட் 28, பிற்பகல் 1.15

ஆமாம் அக்கா, 2015 சிறார் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பிள்ளைகளின் படம் போடுகிறவர்களுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும். உறையின் படத்தையாவது போடுங்கள், மடிப்பு எப்படி வந்திருக்கிறதென்று பார்க்கிறேன்.

பாபின்கேஸ் (ஈரோடு) | ஆகஸ்ட் 28, பிற்பகல் 1.40

மடிப்பு கொஞ்சம் கோணல். படம் போடமாட்டேன்.

பெருந்துறைத் தம்பிக்கு: சிறுநீர்ப் பை உறை 20 வெட்டி வைத்திருக்கிறேன். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் நோயாளிகளிடம் போகிற நர்ஸ் ஒருவர் கேட்டிருக்கிறார். ஓவர்லாக் உங்களிடமே போட்டுக்கொள்கிறேன், கூலியோடு. சும்மா போட்டுத் தருகிறேன் என்று சொன்னால் வேறு கடைக்குப் போய்விடுவேன். செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போவேன், அப்படியே பஸ் ஏறி வரட்டுமா?

தெருமுனை டெய்லர் (பெருந்துறை) | ஆகஸ்ட் 28, இரவு 9.30

செவ்வாய் கடை லீவும்மா. புதன் காலை பதினொன்றுக்கு மேல் வாங்க. நூல் நீங்களே கொண்டுவந்துவிடுங்கள், வெள்ளை தவிர வேறு கலர் இப்போது ஓவர்லாக்கில் மாட்டவில்லை.